ஷவர் மூலையில் கருப்பு படியாதிருக்க: சீலன்ட் தேர்வும் பூசும் முறையும்

குளியலறை முழுக்க டைல்ஸ் பளிச்சென்று இருக்கும். ஷவருக்குக் கீழே சுவரும் தரையும் சேரும் மூலையில் மட்டும் ஒரு கருப்புக் கோடு ஓடும். பிரஷ் போட்டுத் தேய்த்தாலும் போகாது. பிளீச் ஊற்றினால் சில நாள் வெளுத்திருந்துவிட்டு மறுபடி தலைகாட்டும். இப்படி இருந்தால், அந்த மூலையில் அடைத்திருக்கும் பொருள் அந்த இடத்துக்கு ஏற்றதில்லை, அல்லது அதன் ஆயுள் முடிந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அதை எடுத்துவிட்டு வேறு பூசுவது நீங்களே செய்யக்கூடிய வேலை. தேவைப்படுவது ஒரு டியூப் சீலன்ட், ஒரு சிலிகான் கன், மாஸ்கிங் டேப், கட்டர், இடையில் காயவிட இரண்டு மூன்று நாள் பொறுமை.

வேலையில் இறங்குமுன் ஒரு விஷயம். எல்லாரும் டியூபின் மேல் 'ஆன்டி ஃபங்கல்' என்று போட்டிருக்கிறதா என்றுதான் முதலில் பார்க்கிறார்கள். அதைக் கடைசியாகப் பாருங்கள். எதன் மேல் ஒட்டப்போகிறீர்கள், இடைவெளி எவ்வளவு என்பதை முதலில் பாருங்கள். ஒட்டாத சீலன்டின் முதுகுப் பக்கம் தண்ணீர் இறங்கிவிட்டால், அதில் எந்த மருந்து கலந்திருந்தாலும் பூஞ்சை வந்தே தீரும்.

## தெரிந்துகொள்ள வேண்டிய அளவுக்கு மட்டும்

சுத்தமான சிலிகான் பூஞ்சைக்கு உணவாகாது. அதன் மேல் படியும் சோப்பு, உடம்பு எண்ணெய், ஷாம்பு, தூசி ஆகியவைதான் உணவு. கூடவே ஈரமும் கிடைத்தால் போதும். பூஞ்சை வேர்விட்டு சீலன்டின் மேல்தோலுக்குள் இறங்கிவிடும். அதன் பிறகு தேய்த்து எடுக்க முடியாது.

பூஞ்சை எதிர்ப்பு சீலன்டில் பூஞ்சைக்கொல்லி மருந்து கலந்திருப்பார்கள். அந்த மருந்து தண்ணீர் படப்படக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து போகும். ஆகவே 'பூஞ்சை எதிர்ப்பு' என்றால் பூஞ்சை வருவது தள்ளிப்போகும் என்று பொருள். ஒருபோதும் வராது என்று எந்த டியூபும் சத்தியம் செய்ய முடியாது.

## பிரச்சினை சீலன்டில்தானா?

டியூப் வாங்கக் கிளம்புமுன் இந்த மூன்றையும் சோதித்துவிடுங்கள்.

1. கருப்பு மேலேயா, உள்ளேயா? டிஷ்யூ பேப்பரைப் பிளீச்சில் நனைத்துக் கருப்பின் மேல் ஒட்டி ஒரு மணி நேரம் விடுங்கள். கையுறை போட்டுக்கொள்ளுங்கள், ஜன்னல் திறந்திருக்கட்டும். கருப்பு மறைந்தால் அது மேல்பரப்பு அழுக்கு. சீலன்டை மாற்ற வேண்டாம், சுத்தம் செய்தால் போதும். மறையாவிட்டால் பூஞ்சை உள்ளே இறங்கியிருக்கிறது, அல்லது பின்புறம் வளர்கிறது. வெட்டி எடுப்பதுதான் வழி.

2. கறுப்பா, இளஞ்சிவப்பா? சோப்பு வைக்கும் இடத்திலும் மூலையிலும் வழவழப்பாகப் படியும் இளஞ்சிவப்புப் படலம் பெரும்பாலும் பாக்டீரியா. சோப்புத்தூள் போட்டுத் தேய்த்தாலே வந்துவிடும். இதற்காக சீலன்டை உரிக்க வேண்டாம்.

3. கீழ் வீட்டு சீலிங்கில் ஈரம் தெரிகிறதா? தெரிந்தால், மூலையில் சீலன்ட் பூசி அதை மறைக்கப் பார்க்காதீர்கள். குளியலறைக்கு அடியில் இருக்கும் சங்கன் ஸ்லாபின் வாட்டர்புரூஃபிங், தண்ணீர் இறங்கும் நானி ட்ராப்பைச் சுற்றியுள்ள இணைப்பு, சுவருக்குள் ஓடும் பைப் ஆகியவற்றில் ஒன்று பழுதாகியிருக்கும். பிளம்பரைக் கூப்பிடுங்கள். சீலன்ட் மூலையை மூடும். வாட்டர்புரூஃபிங் செய்ய வேண்டிய வேலையை அது செய்யாது.

## கடையில் கிடைக்கும் வகைகள்

அசிட்டாக்சி சிலிகான். டியூபைத் திறந்ததும் வினிகர் வாடை மூக்கில் ஏறும். காயும்போது அசிட்டிக் அமிலம் வெளிவிடுவதால் அந்த வாடை. கண்ணாடி, பளபளப்பான செராமிக் டைல்ஸ் ஆகியவற்றில் நன்றாக ஒட்டும், சீக்கிரம் காயும். பித்தளை, செம்பு, ஜி.ஐ. ஆகியவற்றை அரிக்கும். மார்பிள், சிமென்ட் பரப்புகளுக்கு ஆகாது. முகம் பார்க்கும் கண்ணாடியின் பின்புற ரசத்தையும் கெடுக்கும்.

நியூட்ரல் சிலிகான். வினிகர் வாடை இருக்காது. உலோகத்தையும் சிமென்டையும் தொந்தரவு செய்யாது. விலை சற்று அதிகம், காய நேரமும் கொஞ்சம் கூடுதல். குளியலறையில் பல பொருள்கள் சந்திக்கும் இடத்துக்கு இதுவே பாதுகாப்பான தேர்வு.

அக்ரிலிக் சீலன்ட். தண்ணீரில் கரைத்த பசை. மேலே பெயின்ட் அடிக்கலாம், ஈரத்துணியால் துடைத்துச் சரிசெய்யலாம். ஆனால் காயும்போது சுருங்கும். தினமும் நனையும் இடத்தில் நிற்காது. கதவு நிலைக்கும் சுவருக்கும் இடையில் போடலாம். ஷவருக்குள் வேண்டாம்.

எம்.எஸ். பாலிமர். 'ஹைபிரிட்' என்றும் டியூபில் இருக்கும். பல பரப்புகளில் பிடிக்கும், மேலே பெயின்ட் ஏறும். ஆனால் எல்லா எம்.எஸ். பாலிமரிலும் பூஞ்சைக்கொல்லி இருக்காது. குளியலறைக்கு என்று தெளிவாகப் போட்டிருந்தால் மட்டும் வாங்குங்கள்.

பாலியூரித்தேன். கட்டட வெளிப்புற ஜாயின்டுகளுக்கு நல்ல உழைப்பாளி. வெள்ளை நிறம் நாளடைவில் மஞ்சளாகும். கையில் பட்டால் எளிதில் போகாது. ஷவர் மூலைக்கு இதைத் தேட வேண்டியதில்லை.

சீலன்ட் இல்லாதவை. நம் ஊரில் மூலை பிளந்தால் உடனே கை போவது வெள்ளை சிமென்டுக்கு. அடுத்தது எம்-சீல். இரண்டும் காய்ந்தால் கல்போல் இறுகிவிடும். சுவரும் தரையும் வெயிலுக்கும் பாரத்துக்கும் தனித்தனியாக அசைபவை. அவை சேரும் இடத்தில் இறுகிய பொருளுக்கு வேலையில்லை. சில மாதத்தில் மயிரிழை அளவுக்கு விரிசல் விடும். அந்த விரிசலில்தான் தண்ணீரும் பூஞ்சையும் குடியேறும். எபாக்சி கிரவுட்டும் இதே கதைதான். ஒரே சுவரில் உள்ள டைல்ஸுக்கு இடையே அது மிகச் சிறந்தது. இரண்டு சுவர்கள் சந்திக்கும் மூலைக்கும், சுவரும் தரையும் சந்திக்கும் மூலைக்கும் நெகிழும் சீலன்ட்தான்.

## ஐந்து படிகளில் தேர்வு

படி 1: பரப்பைப் பாருங்கள்.

- இரு பக்கமும் பளபளப்பான செராமிக் டைல்ஸ் அல்லது கண்ணாடி: சானிட்டரி கிரேடு (பூஞ்சைக்கொல்லி கலந்த குளியலறை வகை) அசிட்டாக்சி போதும்.
- ஒரு பக்கம் டைல்ஸ், மறுபக்கம் உலோகம், சிமென்ட் பூச்சு அல்லது பிளாஸ்டிக்: சானிட்டரி கிரேடு நியூட்ரல். பாலிகார்பனேட் ஷீட்டில் அசிட்டாக்சி பட்டால் விரிசல் விட வாய்ப்புண்டு.
- மார்பிள், கிரானைட், கடப்பா கல்: இயற்கைக் கல்லுக்கு என்று தனியாகக் குறிப்பிட்ட நியூட்ரல் வகை. சாதாரண சிலிகானில் உள்ள எண்ணெய் கல்லுக்குள் ஊறி, ஓரம் முழுக்கக் கருத்த நிழல்போலத் தெரியும். ஊறிய கறையை எடுப்பது மிகவும் கடினம். எந்த வகையாக இருந்தாலும், மறைவான ஒரு துண்டில் பூசிச் சில நாள் பார்த்துவிட்டுத் தொடங்குங்கள்.

படி 2: இடைவெளியை அளந்துகொள்ளுங்கள். 3 மி.மீ. முதல் 6 மி.மீ. வரை இருந்தால் நேரடியாகப் பூசலாம். அதைவிட அகலமாகவும் ஆழமாகவும் இருந்தால் முதலில் பேக்கர் ராட் என்னும் ஃபோம் கயிற்றை உள்ளே செருகி, அதன் மேல் பூசுங்கள். இதனால் சீலன்டும் மிச்சமாகும். இரண்டு ஓரங்களில் மட்டும் பிடித்துக்கொண்டு நடுவில் தாராளமாக இழுபடவும் முடியும். அடியிலும் ஒட்டிக்கொண்ட சீலன்ட், சுவர் அசையும்போது கிழியும்.

டியூபில் ±25% என்று அசைவுத் திறன் போட்டிருப்பார்கள். 8 மி.மீ. இடைவெளி 6 மி.மீ. ஆகச் சுருங்கினாலும் 10 மி.மீ. ஆக விரிந்தாலும் கிழியாது என்று அர்த்தம். ஷவருக்கு 20 சதவீதத்துக்குக் குறையாமல் பாருங்கள்.

படி 3: பூஞ்சை எதிர்ப்புக்கு ஆதாரம் இருக்கிறதா? டியூபின் முகப்பில் இருக்கும் குளியலறைப் படத்தை விட்டுவிட்டுப் பின்புறம் திருப்புங்கள். சிறிய எழுத்தில் இவற்றில் ஒன்று இருந்தால் நம்பலாம்:

- ஐ.எஸ்.ஓ. 846: பிளாஸ்டிக் பொருள்களில் நுண்ணுயிர் வளர்ச்சியைச் சோதிக்கும் முறை.
- ஏ.எஸ்.டி.எம். ஜி 21: பொருளின் மேல் பூஞ்சை வித்துகளைத் தெளித்து 28 நாள் வைத்துப் பார்க்கும் சோதனை. மதிப்பெண் 0 முதல் 4 வரை. இதில் 0 எடுத்ததுதான் முதல் மாணவன். வளர்ச்சியே இல்லை என்று பொருள்.
- ஈ.என். 15651-3: குளியலறை சீலன்டுகளுக்கான ஐரோப்பியத் தரம். இதில் எக்ஸ்.எஸ்.1 என்பது மிக உயர்ந்த பிரிவு.

இவை ஆய்வகச் சோதனைகள். ஷாம்பு வழிந்து நிற்கும் மூலையில் பலன் எத்தனை நாள் நிற்கும் என்பது அதை எப்படி வைத்துக்கொள்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது.

படி 4: தேதி பாருங்கள். சீலன்ட் டியூபுகள் பொதுவாகத் தயாரித்த நாளிலிருந்து ஓராண்டு ஒன்றரை ஆண்டு வரைதான் நன்றாக இருக்கும். வெயிலில் கிடந்தால் அதுவும் குறையும். காலாவதியானது பூசினால் வாரக்கணக்கில் பிசுபிசுவென்றே கிடக்கும். அதைச் சுரண்டி எடுப்பது முதல் வேலையைவிடப் பெரிய வேலை. குறைந்தது ஆறு மாதம் மிச்சமிருக்கும் டியூபை வாங்குங்கள்.

படி 5: நிறமும் அளவும். ஒளி ஊடுருவும் கிளியர் வகை எல்லா டைல்ஸோடும் ஒத்துப்போகும்; ஆனால் பின்னால் மாட்டிய அழுக்கையும் அப்படியே காட்டும். பழைய வீட்டில், மூலையின் உட்புறம் எவ்வளவு துடைத்தும் பளிச்சென்று வராத இடத்தில், வெள்ளை அல்லது கிரவுட் நிறத்துக்கு ஒத்த சாம்பல், ஐவரி பார்வைக்கு நல்லது.

அளவுக்கு ஒரு கணக்கு. மூன்றடிக்கு மூன்றடி ஷவர் பகுதியில் மூன்று சுவர்களின் அடிப்பகுதி 9 அடி. ஏழடி உயர மூலைகள் இரண்டும் சேர்ந்து 14 அடி. ஆக 23 அடி, அதாவது சுமார் 7 மீட்டர். மூலையில் 6 மி.மீ. முக்கோணமாகப் பூசினால் மீட்டருக்கு 18 மி.லி. வேண்டும், மொத்தம் 126 மி.லி. 280 மி.லி. டியூப் ஒன்று சேதாரம் போகத் தாராளமாகப் போதும். இடைவெளி 6 மி.மீ. அகலம், 6 மி.மீ. ஆழம் என்று சதுரமாக இருந்தால் மீட்டருக்கு 36 மி.லி. போகும், அப்போது ஒரு டியூப் இழுபறிதான், இரண்டாகவே வாங்குங்கள்.

## கடையில் என்ன கேட்பது

ஹார்டுவேர் கடையில் "அண்ணே, பாத்ரூமுக்கு சிலிகான் வேணும்" என்று கேட்டால், வரும் ஒரே கேள்வி: "கிளியரா, ஒயிட்டா?" பதில் சொன்னதும் அலமாரியிலிருந்து ஒரு டியூப் கைக்கு வந்துவிடும். பெரும்பாலும் அது ஜி.பி., அதாவது பொது உபயோக வகை. ஜன்னல் கண்ணாடிக்கும் அலுமினிய ஃபிரேமுக்கும் போடுவது. பூஞ்சைக்கொல்லி இருக்காது. மழைக்காலம் ஒன்று கழிந்ததும் மூலையில் புள்ளி புள்ளியாகக் கருக்கத் தொடங்கும்.

இப்படிக் கேளுங்கள்: "ஜி.பி. வேணாம்ணே. சானிட்டரி கிரேடு இருக்கா? நியூட்ரலா குடுங்க. டேட் பாத்துக் குடுங்க."

கடைக்காரர் "எல்லாம் ஒண்ணுதான் சார்" என்றால் டியூபைக் கையில் வாங்கிப் பின்புறத்தைப் படியுங்கள். சானிட்டரி என்ற சொல்லும், பூஞ்சை எதிர்ப்புக் குறிப்பும் இல்லையென்றால் அடுத்த கடைக்குப் போங்கள்.

கவனம்: 'அக்வேரியம்' என்று போட்ட சிலிகான் தண்ணீருக்குள்ளேயே இருப்பது, அதனால் ஷவருக்கும் நல்லது என்று சிலர் வாங்குகிறார்கள். மீனுக்கு ஆகாது என்பதால் அதில் பூஞ்சைக்கொல்லி கலப்பதில்லை. அதே காரணத்தால், மிச்சமான சானிட்டரி சிலிகானை மீன்தொட்டிக்குப் பூசாதீர்கள்.

## பழையதை எடுத்துச் சுத்தம் செய்தல்

புது சிலிகான் பழைய சிலிகானின் மேல் ஒட்டாது. இந்த ஒரு வரியை மறந்தால் மீதி எல்லாம் வீண்.

1. கட்டரால் பழைய சீலன்டின் மேல் ஓரத்தில் ஒரு கீறல், கீழ் ஓரத்தில் ஒரு கீறல் போடுங்கள். பிளேடு டைல்ஸோடு ஒட்டி நகரட்டும்.
2. ஒரு முனையை நெம்பி விரலால் பிடித்து மெதுவாக இழுங்கள். நன்றாக ஒட்டியிராத இடத்தில் ரிப்பன்போல நீளமாக உரிந்து வரும். உரிந்ததைத் திருப்பிப் பாருங்கள்: முன்புறத்தைவிடப் பின்புறம் கருப்பாக, ஈரமாக இருந்தால் தண்ணீர் பின்வழியாகப் போய்க்கொண்டிருந்தது என்று உறுதி.
3. மிச்சத்தை ஸ்கிரேப்பரால் சுரண்டுங்கள். கடைசிப் படலத்துக்கு சிலிகான் ரிமூவர் ஜெல் கிடைத்தால் அதில் சொன்ன நேரம் ஊறவிட்டுத் துடையுங்கள். சுத்தமான இடத்தில் விரல் நகம் வழுக்கும். சிலிகான் மிச்சமிருந்தால் நகம் ரப்பரில் மாட்டுவதுபோல் தடைபடும்.
4. போர்வெல் தண்ணீர் வீடுகளில் டைல்ஸ் ஓரத்தில் வெள்ளையாக உப்பு படிந்திருக்கும். அதன் மேல் பூசினால் சீலன்ட் உப்போடு ஒட்டி, உப்போடு கழன்று வரும். வினிகரில் நனைத்த துணியை அரை மணி நேரம் வைத்துத் தேய்த்து எடுத்துவிட்டு நிறைய தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள். மார்பிளில் வினிகர் படக்கூடாது. பிளாஸ்டிக் ஸ்கிரேப்பரால் மட்டும் எடுங்கள்.
5. வினிகர் முழுக்கக் கழுவிப்போன பிறகு, வேண்டுமானால் மறுநாள், வீட்டு உபயோகத் திரவ பிளீச் ஒரு பங்குக்குத் தண்ணீர் பத்துப் பங்கு கலந்து மூலையில் தடவுங்கள். 15 நிமிடம் கழித்துக் கழுவுங்கள். மிஞ்சியிருக்கும் பூஞ்சை வித்துகளுக்கு இது.
6. காயவிடுங்கள். கோடையில் ஒரு முழு நாள். அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் இரண்டு மூன்று நாள். கதவைத் திறந்து வைத்து ஃபேனை அறைக்கு வெளியே, தண்ணீர் படாத இடத்தில் வைத்துக் காற்று வரும்படி திருப்புங்கள்.
7. காய்ந்ததா என்று அறிய, பிளாஸ்டிக் ஷீட் துண்டு ஒன்றை மூலையின் மேல் நாலாபுறமும் டேப் போட்டு ஒட்டி இரவு முழுக்க விடுங்கள். காலையில் உட்புறம் நீர்த்துளி பூத்திருந்தால் சுவருக்குள் இன்னும் ஈரம் இருக்கிறது.
8. பூசுவதற்குச் சற்று முன் ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த துணியால் துடைத்து உலரவிடுங்கள். மண்ணெண்ணெயில் துடைக்காதீர்கள், அது எண்ணெய்ப் படலத்தை விட்டுப் போகும்.

டிப்ஸ்: வீட்டில் ஒரே குளியலறை என்றால் ஊருக்குப் போகும் நாளோடு இந்த வேலையைச் சேர்த்துத் திட்டமிடுங்கள். பூசிவிட்டு வீட்டைப் பூட்டிக்கொண்டு கிளம்பினால், அவசரத்தில் யாரும் பச்சையாக இருக்கும் சீலன்டின் மேல் தண்ணீர் ஊற்ற மாட்டார்கள்.

## பூசுதல்

1. மூலையின் இருபுறமும் கோடு பிடித்தாற்போல் மாஸ்கிங் டேப் ஒட்டுங்கள். மூலையிலிருந்து ஒவ்வொரு பக்கமும் 6 மி.மீ. விடுங்கள்.
2. டியூபின் நாசிலை 45 டிகிரி சாய்வாக வெட்டுங்கள். துளை இடைவெளியைவிடச் சற்றுச் சிறிதாக இருக்கட்டும். துளை போதாவிட்டால் மறுபடி வெட்டலாம்; பெரிதாக வெட்டிவிட்டால் ஒட்ட முடியாது.
3. முதலில் பழைய செய்தித்தாளில் கொஞ்சம் பிதுக்கி, காற்றுக்குமிழ் இல்லாமல் சீராக வருகிறதா என்று பாருங்கள்.
4. சுவர் மூலைகளை முதலில், தரை மூலைகளைப் பிறகு பூசுங்கள். நிறுத்தாமல் ஒரே வேகத்தில் கன்னை நகர்த்துங்கள். முடிந்ததும் கன்னின் பின்புறம் உள்ள நாக்கை அழுத்தி அழுத்தத்தை விடுவியுங்கள்; இல்லாவிட்டால் டியூப் தானாக வடிந்துகொண்டே இருக்கும்.
5. சிலிகான் 5 முதல் 15 நிமிடத்தில் மேல்தோல் கட்டிவிடும். அதற்குள் கையுறை போட்ட விரலாலோ பிளாஸ்டிக் ஃபினிஷிங் டூலாலோ ஒரே இழுப்பில் வழித்துவிடுங்கள். தண்ணீர் தேங்கும் விளிம்பு எங்கும் நிற்கக்கூடாது. டைல்ஸிலிருந்து தரைக்கு வழுக்கிச் செல்வதுபோல் இருக்க வேண்டும்.
6. தோல் கட்டுமுன் டேப்பை வெளிப்பக்கமாகச் சாய்த்து உரியுங்கள். காய்ந்த பிறகு உரித்தால் ஓரம் பிய்ந்து வரும். பிய்ந்த ஓரத்தில்தான் அடுத்த கருப்பு தொடங்கும்.
7. ஒரு நாளைக்கு ஏறத்தாழ 2 முதல் 3 மி.மீ. ஆழம்தான் காயும். 24 மணி நேரம் கட்டாயம் தண்ணீர் வேண்டாம். 48 மணி நேரம் விட்டால் நிம்மதி. சிலிகான் காற்றிலுள்ள ஈரத்தை எடுத்துக்கொண்டு இறுகுவது. அதனால் புழுக்கமான நாளில் மேல்தோல் சீக்கிரம் கட்டிவிடும். அதைப் பார்த்து உள்ளேயும் காய்ந்துவிட்டது என்று நினைக்காதீர்கள்.

டிப்ஸ்: கையில் பட்ட பச்சைச் சிலிகானைத் தண்ணீரில் கழுவாதீர்கள், இன்னும் பரவும். முதலில் உலர்ந்த காகிதத்தால் துடைத்தெடுத்துவிட்டுப் பிறகு சோப்புப் போடுங்கள்.

எங்கெல்லாம் பூசக்கூடாது: கண்ணாடி ஷவர் கேபினின் அலுமினியச் சட்டத்துக்கு வெளிப்பக்கம் மட்டும் பூசுங்கள். சட்டத்துக்குள் புகுந்த தண்ணீர் உள்பக்கம் வடிந்து வர வழி வேண்டும். இரு பக்கமும் அடைத்தால் நடுவில் தேங்கி நாறும். வெஸ்டர்ன் கம்மோடின் அடிப்பகுதியிலும் பின்புறம் சிறிது இடம் விட்டுவிடுங்கள். உள்ளே கசிந்தால் அந்த வழியாக வெளியே தெரியும்.

## பாதுகாப்பு

- பிளீச்சும் ஆசிடும் சேரக்கூடாது. பாத்ரூம் ஆசிட், டாய்லெட் கிளீனர், வினிகர், எலுமிச்சை இவற்றில் எதுவும் பிளீச்சோடும் பிளீச்சிங் பவுடரோடும் கலந்தால் குளோரின் வாயு வரும். சின்ன, கதவடைத்த குளியலறையில் அது உயிருக்கே ஆபத்து. அம்மோனியா உள்ள கிளீனரும் பிளீச்சோடு ஆகாது. வாடை தொண்டையைப் பிடித்தால் உடனே வெளியே வாருங்கள். பிறகு வேறு வேலை.
- காற்றோட்டம். அசிட்டாக்சி கண்ணையும் மூக்கையும் எரிக்கும். நியூட்ரல் வகையில் சில, காயும்போது ஆக்சைம் என்னும் ஆவியை விடும். அந்த வகையில் பரவலாகப் பயன்படும் ஒன்றைப் புற்றுநோய் ஆபத்துள்ள பொருளாக ஐரோப்பிய ஒன்றியம் வகைப்படுத்தியிருக்கிறது. 'ஆல்காக்சி' என்று குறிப்பிட்ட நியூட்ரல் கிடைத்தால் அதை எடுங்கள். எது வாங்கினாலும் ஜன்னலைத் திறந்து, எக்சாஸ்ட் ஃபேனைப் போட்டுவிட்டுத் தொடங்குங்கள்.
- முகக்கவசம். காய்ந்த பூஞ்சையைச் சுரண்டும்போது வித்துகள் பறக்கும். என்95 போடுங்கள். ஆஸ்துமா உள்ளவர் இந்த வேலையை வேறொருவரிடம் விட்டுவிடுவது நல்லது.
- கட்டர். பிளேடு உங்களைப் பார்த்து வராமல் வெளிநோக்கிப் போகட்டும். ஈரத் தரையில் செருப்பில்லாமல் நின்று வெட்டாதீர்கள்.
- ஆல்கஹால். துடைக்கும் நேரத்தில் கீசரை அணைத்து வையுங்கள். பக்கத்தில் நெருப்பு கூடாது.
- கண்ணில் பட்டால் 15 நிமிடம் ஓடும் தண்ணீரில் கழுவிவிட்டு டாக்டரைப் பாருங்கள்.

## அடிக்கடி நடக்கும் தவறுகள்

- பழைய கருப்பின் மேலேயே புதிதாக ஒரு கோடு இழுத்துவிடுவது. சில வாரத்தில் ஓரம் தூக்கிக்கொள்ளும்.
- சீலன்ட் பூசுமுன்பே டைல்ஸில் சோப்புத் தண்ணீர் தெளிப்பது. வழித்துவிட எளிதாக இருக்கும் என்று செய்கிறார்கள். ஆனால் சோப்புப் பட்ட இடத்தில் ஒட்டாது. தெளிப்பதானால் பூசி முடித்த பிறகு, சீலன்டின் மேல் மட்டும்.
- நிறையப் பூசினால் நன்றாக அடைக்கும் என்று தடிமனாக அப்புவது. வெளியே பிதுங்கிய மேடுதான் சோப்பு தங்கும் திண்ணை.
- காய்ந்த சிலிகானுக்கு மேல் பெயின்ட் அடிப்பது. ஒட்டாது. நிறம் வேண்டுமென்றால் டியூபிலேயே நிறம் பார்த்து வாங்க வேண்டும்.
- பாதி டியூபை மூடாமல் வைத்துவிட்டு அடுத்த வருடம் தேடுவது. நாசிலில் நீளமான ஆணி ஒன்றைச் செருகி, டேப் சுற்றி, நிழலில் வைத்தால் சில வாரம் தாங்கும். அடுத்த வருடத்துக்குப் புது டியூப்தான்.

## பூசிய பிறகு

சீலன்டில் உள்ள மருந்து நாளாக நாளாகக் குறையும். உங்கள் பழக்கம்தான் அதன் ஆயுளைக் கூட்டும்.

1. குளித்து முடித்ததும் வைப்பரால் சுவரையும் தரையையும் ஒருமுறை இழுத்துவிடுங்கள். ஒரு நிமிட வேலை.
2. எக்சாஸ்ட் ஃபேன் குளித்த பிறகும் அரை மணி நேரம் ஓடட்டும். ஃபேன் இல்லாத வீட்டில் கதவையும் ஜன்னலையும் திறந்து வையுங்கள்.
3. ஷாம்பு பாட்டில், பக்கெட், ஈரத்துணி எதையும் மூலையோடு ஒட்டி வைக்காதீர்கள்.
4. வாரம் ஒருமுறை மென்மையான பிரஷும் சாதாரண சோப்புத் திரவமும் போதும். இரும்பு நாரும் ஆசிடும் சீலன்டின் மேல்தோலைக் கீறும். கீறலில் அழுக்கு தங்கும்.
5. மாதம் ஒருமுறை ஓரத்தை நகத்தால் நெருடிப் பாருங்கள். எங்காவது தூக்கினால் அந்த இடத்தை மட்டுமாவது வெட்டி எடுத்து மறுபடி பூசுங்கள். கருப்பு வரும்வரை காத்திருக்க வேண்டாம்.

கையில் காசு குறைவாக இருந்தால் விலையுயர்ந்த பிராண்டை விட்டுவிட்டுச் சாதாரண சானிட்டரி கிரேடு டியூபே வாங்குங்கள், தவறில்லை. பழையதைச் சுரண்டுவதிலும் மூலையைக் காயவிடுவதிலும் மட்டும் மிச்சம் பிடிக்காதீர்கள். ஈர மூலையில் பூசிய உயர்ந்த டியூபைவிட, காய்ந்த மூலையில் பூசிய சாதாரண டியூப் கூடுதல் நாள் வெள்ளையாக இருக்கும்.